எனக்குச் சக்களத்தியாய் வந்த ஊர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள் நான். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் இன்னொன்று வந்து குறுக்கே நிற்கும், தொடங்கியது மறந்துபோகும். பிழை திருத்தித் தருகிறேன் என்று மகள் சொன்னாள். அவள் பாரிசில் பிறந்த பிள்ளை. அவளுடைய தமிழ் என்னுடையதைவிட மோசம். ஆகவே பிழைகள் பிழைகளாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரைப் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒருவருடைய பெயரும் இதில் வராது.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா சப்பலில் வயதுபோன ஆட்களிடம் பழைய நாட்களைப் பற்றி எழுதி வாங்கிப் புத்தகமாகப் போடப்போகிறோம் என்று கேட்டு வந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் பிறந்த ஊரைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நான் எழுதப்போவது சுவீடனில் இருக்கிற ஒரு சின்ன ஊரைப் பற்றி. அங்கே நான் இருந்தது வெறும் இரண்டு கிழமை, பதினாலு நாள். ஆனால் கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் அந்த ஊர் எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தது. ஒரு குசினிக்குள் இரண்டு பெண்சாதிமார் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

என் வீட்டுக்காரர் கலியாணத்துக்கு முதல் சில வருஷங்கள் அந்த ஊரில் இருந்தவர். யன்னலும் கதவும் செய்கிற ஒரு பக்டரியில் வேலை. பிறகு அவருடைய அண்ணர் லா சப்பலில் ரூ காய் என்கிற தெருவில் பலசரக்குக் கடை போட்டு, நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கூப்பிட, பாரிசுக்கு வந்துவிட்டார். எண்பதுகளின் நடுவில் நான் வந்து சேர்ந்தேன். படம் பார்த்துப் பேசிய கலியாணம். மெத்ரோ ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஐந்தாம் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. கக்கூஸ் வெளியே, மற்றக் குடும்பங்களோடு பொது. மெத்ரோ எங்கள் யன்னலுக்கு நேரே பாலத்தின் மேல் ஓடும். ஓடும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும்.

வந்து இரண்டாம் நாள் முதன்முதலாகச் சமைத்தேன். சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. சாப்பிட்டார். முடிந்ததும் சாப்பிட்ட கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பி நின்று, என் முகத்தைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு நன்றி" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் நன்றி சொல்வதில்லை. மேடையில் பேசுகிறவர் சொல்வார். வழி காட்டிய அந்நியருக்கு நாங்கள் சொல்வோம். கட்டிய பெண்சாதிக்கு ஒருவர் நன்றி சொன்னால், நீ வேறு நான் வேறு என்று நடுவில் வேலி போடுவது மாதிரி அல்லவா? உப்புக் கூடிவிட்டதோ, அதைத்தான் நக்கலாகச் சொல்கிறாரோ என்று சட்டியைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். கறி நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாளும் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் சொன்னார்.

அவருடைய அண்ணரின் பெண்சாதியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நல்ல மனம், ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. கடைக்குப் பின்னால் நல்லது வேறு அழுகினது வேறாய் வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தபோது மெல்ல அவவிடம் இதைச் சொன்னேன். அவ வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"எடி, உந்த நன்றியை ஆரோ ஒருத்தி பழக்கியிருக்கிறாள். ஆம்பிளையள் தாங்களாய் உப்பிடிப் பழகமாட்டினம்."

அன்றைக்குப் பிடித்த எரிச்சல்தான். அவரிடம் நேராகக் கேட்கிற துணிவு எனக்கு அப்போதும் இல்லை, பிறகும் வரவில்லை. கேட்காமல் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கக் கவனிக்க எல்லாவற்றிலும் அந்த ஊர் இருந்தது. யாராவது படியேறி வந்து கதவைத் தட்டினால், "அங்கை ஒருத்தரும் ரெலிபோன் பண்ணாமல் வரமாட்டினம்" என்பார். குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சுளிப்பார், அங்கே தண்ணீர் இனிக்குமாம். மெத்ரோ போனால் கண்ணை மூடுவார். உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, மேலே ஒரு கீரையைக் கிள்ளிப் போட்டு, வெண்ணெயோடு தின்பார். மணந்து பார்த்தேன், எங்கள் சதகுப்பை! பிள்ளை பெற்றவளுக்கு மருந்தரைத்துக் கொடுக்கிற சாமானைக் கிழங்குக்குப் போட்டு ஆசை ஆசையாய்த் தின்கிற மனிதரை என்ன செய்வது?

அவருடைய பெட்டிக்குள் ஒரு படம் இருந்தது. உறைந்துபோன ஏரிக்கு நடுவில் தொப்பியும் பெரிய கோட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறார். வாய் முழுக்கச் சிரிப்பு, கடைவாய்ப் பல்லுவரை தெரிகிறது. என் கலியாணப் படத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. மகள் பிறந்த நாளில்கூட நான் அதைக் காணவில்லை. அந்தப் படத்தை எடுத்தது யார் என்று நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன்.

மகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்த சித்திரை மாதம், கடைக்கு ஒரு ரெலிபோன் வந்தது. அந்த ஊரில் அவருக்கு அறை வாடகைக்குக் கொடுத்த மனுசி. பக்டரியில் திரும்ப ஆட்கள் எடுக்கிறார்களாம், பழைய ஆட்களை விசாரிக்கிறார்களாம், அவர் குடும்பத்தோடு வந்தால் வீடும் பார்த்துத் தரலாமாம். அவர் அன்று பின்னேரம் ஐந்து மாடியையும் ஓடி ஏறி வந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அங்கே பிள்ளைக்குத் தனி அறை இருக்கும், கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கும், சுடுதண்ணீர் நாள் முழுக்க வரும், அண்ணரின் கடையில் கை பார்த்து நிற்கத் தேவையில்லை. எல்லாம் நியாயம்தான். முதலில் எனக்குக் காட்டுங்கள் என்று மட்டும் நான் சொன்னேன். எதைக் காட்டச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

பேப்பர் அலுவலெல்லாம் அவரே ஓடி ஓடிப் பார்த்தார். ஆடி மாதம் வெளிக்கிட்டோம். ரயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், கார் து நோர் என்கிற பெரிய ஸ்ரேசனில்தான் ஏறுவது. இவ்வளவு நாளும் அந்த ஊருக்கு வழி என் வாசலிலேயே கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு இரவும் ஒரு பகலுமாகப் பயணம். கடல் வந்த இடத்தில் ரயில் பெட்டியோடு கப்பலின் வயிற்றுக்குள் போனது. பிள்ளை கைகொட்டினாள். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த ஒருத்தி எப்படி இருப்பாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரேசனில் அறை கொடுத்த அந்த மனுசி நின்றா. அறுபது தாண்டிய வயது, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய நரைத்த தலைமயிர், காலில் மரச் சப்பாத்து. கட்டிப்பிடிக்கவில்லை, கொஞ்சவில்லை, என் கையைப் பிடித்து ஒருதரம் மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பிள்ளையின் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தா. என் பொறாமைக்கு அந்த மனுசியின் வயது ஒத்துவரவில்லை. வேறு யாராவது இருப்பாளோ என்று ஸ்ரேசனைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு காகம்தான் நின்றது.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அந்த மனுசியின் பேரன் ஒருவன் இருந்தான், நாலு வயதிருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் கதிரையிலிருந்து வழுக்கி இறங்கி, பாட்டியைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டு ஓடினான். என் வீட்டுக்காரரும் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி அதையே சொன்னார். நான் என்ன என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு நன்றி" என்றார். சோறு போட்டது தாயானாலும் இங்கே எல்லோரும் சொல்வார்களாம், சொல்லாமல் எழும்புகிற பிள்ளைக்கு வளர்ப்புச் சரியில்லை என்று அர்த்தமாம்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது. ஒருத்தியும் இல்லை. ஒரு ஊர் முழுக்க அவரைப் பழக்கியிருக்கிறது. ஒருத்தி என்றால் அவளுக்கு வயது போகும், அழகு குறையும். ஊரோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

அந்த ஊரைக் குறை சொல்ல என்னால் முடிந்த மட்டும் தேடினேன். ஒரே ஒரு பெரிய தெரு. ஒரு வங்கி, ஒரு மருந்துக்கடை, ஒரு கேக்குக் கடை, ஒரு கிறிஸ்தவக் கோயில், குன்றின் மேல் காளான் மாதிரி ஒரு தண்ணீர்த் தாங்கி. தெரு முடிகிற இடத்தில் ஏரி. வீடெல்லாம் மரம், சிவப்பு அல்லது மஞ்சள் பூச்சு, வாசலில் கொடிக்கம்பம். எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் ஒரு துண்டு கிழித்து, இலக்கம் வரும்வரை பேசாமல் நிற்க வேண்டும். முன்னுக்கு வேறு ஒருவரும் இல்லாவிட்டாலும் கிழிக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் கடைகள் பூட்டினால் தெருவில் ஒரு குருவி இல்லை.

யன்னல்களுக்குத் திரை இழுப்பதில்லை. ஒவ்வொரு யன்னலிலும் ஒரு சின்ன விளக்கும் பூச்சட்டிகளும். உள்ளே ஆட்கள் சாப்பிடுவது, பேப்பர் படிப்பது, தனியாய் இருப்பது எல்லாம் வெளியே தெரியும். ஆனால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். எங்கள் ஐந்தாம் மாடி அறையைவிட அவர்களுடைய சைக்கிள் விடுகிற கொட்டில் பெரிது. வயிறு எரிந்தது.

ஒரு நாள் கேக்குக் கடை வாசலில் ஒரு பிள்ளை வண்டில் நின்றது. உள்ளே கைக்குழந்தை நித்திரை. தாய் கடைக்குள்ளே கோப்பி குடிக்கிறாளாம், காற்றுப்பட்டால் பிள்ளைக்கு நல்லதாம். தெருவில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஒருத்தி கோப்பி குடிப்பாளா? என்னால் தாண்டிப் போக முடியவில்லை. வண்டிலின் பிடியைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன். பிள்ளை சிணுங்க, கொஞ்சம் ஆட்டியும் விட்டேன். தாய் வெளியே வந்து, சேலையும் சுவெற்றரும் போட்ட ஒருத்தி தன் பிள்ளை வண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு வெள்ளை முகம் இன்னும் வெளுத்துப்போனாள். என் வீட்டுக்காரர் ஓடிவந்து விளங்கப்படுத்தினார். அவள் மூன்று தரம் நன்றி சொன்னாள். ஆனால் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போன வேகத்தை நான் பார்த்தேன்.

தெருவோரத்தில் ஒரு சின்ன மேசை, மேலே ஸ்ரோபெரிப் பழம், பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பேணி, ஆள் இல்லை. காட்டுக்குள் போனால் நிலத்தோடு நிலமாக நீலப் பழங்கள். யாருடைய காடு என்று கேட்டேன். யாருடையதாக இருந்தால் என்ன, யாரும் பிடுங்கலாம் என்றார். மகளின் வாய் நாவற்பழம் தின்றது மாதிரிக் கறுத்துப்போனது. அவள் அங்கே மரத்துக்கு மரம் ஓடினாள். ரூ காயில் அவளுடைய கையை நான் விட்டதே கிடையாது. எனக்குப் பிடித்துவிடுமோ என்று பயந்த இடம் அந்தக் காடு ஒன்றுதான்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வேறு. தெருவில் கண்டவர்களெல்லாம் அவரை நிறுத்தி, போன தரம் சந்தித்ததற்கு நன்றி என்று சொன்னார்கள். அது அவர்களுடைய வழக்கம். திரும்பச் சந்தித்தால் கடைசியாகச் சந்தித்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். எத்தனை வருஷம் போனாலும் மறப்பதில்லை. ஒருவர், தன் வீட்டில் நண்டு மாதிரி ஏதோ அவித்துத் தின்ற ஒரு இரவுக்கு நன்றி சொன்னார். இன்னொருவர், சோபா ஒன்றைப் படியால் ஏற்ற உதவினதுக்குச் சொன்னார். தபால்காரர் சைக்கிளில் போகும்போதே என் வீட்டுக்காரருடைய பெயரை நடுவில் முறித்து, பாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை காட்டினார். கட்டிய நான் அவருடைய பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எனக்கு அவர் 'இஞ்சாருங்கோ'தான். ஒரு தபால்காரன் செல்லப் பெயர் சொல்கிறான், அவரும் படத்தில் இருக்கிற அதே சிரிப்பைச் சிரிக்கிறார். கடைவாய்ப் பல் தெரிந்தது. அப்போதுதான் அதை நேரில் கண்டேன்.

பக்டரியையும் காட்டினார். ஆடி மாதம் முழுக்க விடுமுறை, பூட்டிக் கிடந்தது. கம்பிவேலிக்கு வெளியே நின்று, அந்தக் கொட்டகையில்தான் நான் நின்றேன், இந்தப் பக்கத்தால்தான் பலகை வரும் என்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அறுத்த மரமும் பூச்சும் மணந்தது. அவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

கடைசிக் கிழமையில்தான் நான் அந்தப் பிழையை விட்டேன். அந்த மனுசி இருந்தது மூன்று தட்டு மாடிக் கட்டடத்தில். கீழே நிலக்கீழ் அறையில் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற இடம். பெரிய பெரிய மிசின்கள், காயப்போட ஒரு சூட்டறை, எல்லாம் பளிங்கு மாதிரி. அதைக் கண்டபோதே எனக்கு ஏக்கம். பாரிசில் நான் பிள்ளையின் உடுப்பை வாளியில் தோய்த்து அறைக்குள்ளே கயிறு கட்டிக் காயப்போடுகிறவள். ஒரு காலை கீழே போனேன். ஒருவரும் இல்லை, மிசின்கள் சும்மா கிடந்தன. பிள்ளையின் உடுப்பெல்லாம் கொண்டுவந்து போட்டேன். வாசலில் ஒரு பலகையில் சின்னச் சின்னப் பூட்டுகள் கொழுவியிருந்தன. எனக்கு அது என்ன என்று விளங்கவில்லை. எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று பூட்டிவைத்திருக்கிறார்கள் என்பதும், அந்த நேரத்தில் மற்றவர் கை வைப்பது அங்கே பெரிய குற்றம் என்பதும் பிறகுதான் தெரியும்.

கீழ்த்தட்டுக் கிழவர் ஒருவர் கூடையோடு வந்தார். என்னைப் பார்த்தார், மிசினைப் பார்த்தார், தன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் சிரித்தேன். அவரும் கொஞ்சம் தலையை ஆட்டிவிட்டுக் கூடையோடு திரும்பிப் போனார். எவ்வளவு நல்ல மனிதர், பிள்ளைக்காரி என்று விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

பின்னேரம் அந்த அறைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. பெயர் இல்லை, கோபமான ஒரு சொல் இல்லை. பொது இடத்தின் ஒழுங்கை எல்லோரும் மதித்தால் எல்லோருக்கும் நல்லது என்று மரியாதையாய் எழுதியிருந்ததாம். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு முகம் கறுத்துப்போய் மேலே வந்தார். கேக்கு வாங்கிக்கொண்டு கிழவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீர் ஒருக்கால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"சும்மா கிடந்த மிசின்தானே?"

"சும்மா கிடந்தாலும் அது அவரின்ரை நேரம். இஞ்சை அப்பிடித்தான்."

"அப்ப அந்தாள் என்னட்டையெல்லோ சொல்லியிருக்க வேணும். வாய் இல்லையோ?"

"முகத்துக்கு நேரை சொன்னால் உமக்கு வெக்கமாய் இருக்கும் எண்டுதான் சொல்லேல்லை. அது அவையின்ரை மரியாதை."

அவர் அந்தக் கிழவரின் பக்கம் நின்றார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. லா சப்பல் என்றால் மேல் மாடியிலிருந்து கத்தியிருப்பார்கள். நானும் கூச்சத்தோடு கூச்சமாய் ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பேன். இரவுக்கே அந்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கறி வந்திருக்கும். இங்கே என் வெட்கத்தைக் கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது வாயால் வந்துவிட்டது.

"உங்களுக்கு நானோ, இந்த ஊரோ?"

அவர், "கொஞ்ச நாள் பழகினால் எல்லாம் சரிவரும்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

பாரிசுக்குத் திரும்பி வந்து, அந்த ஊருக்கு நான் வரமாட்டேன் என்று சொன்னேன். இரைந்து சொல்லவில்லை, கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, "நான் இந்த மாரிகாலம், குளிர் முடியுமட்டும், வேலை செய்து பாத்திட்டு வாறன். பிறகு யோசிப்பம்" என்றார். புரட்டாதி மாதம் போனார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கார் து நோர் வரைக்கும் நடந்துபோய் அனுப்பிவிட்டு வந்தேன். ரயில் பெட்டி வாசலில் நின்று, கூட வந்ததற்கு நன்றி சொன்னார்.

அக்காவின் வாய் சும்மா இருக்குமா? "பொம்பிளையோடை போன மனுசன் எண்டால் தலைமயிரிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வரலாம். ஊரோடை போனவனை எங்கை பிடிச்சு இழுக்கிறது?" என்று கடைக்கு வந்த ஆட்களுக்கு முன்னாலேயே கேட்டா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தரிக்காய்ப் பெட்டிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்தேன்.

எங்கள் அறையில் ரெலிபோன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு எடுப்பார். ஞாயிறு கடை நிரம்பி வழிகிற நாள். முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளை சுகமோ என்பார். ஓம் என்பேன். குளிரோ என்பார். ஓம். அங்கே பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது, எல்லா யன்னலிலும் விளக்கு வைத்திருக்கிறார்கள், வடிவாய் இருக்கிறது என்பார். ஓம். எப்போது வருவீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வரும். யாராவது மிளகாய்த்தூள் எங்கே என்று கேட்பார்கள், அது திரும்பி உள்ளே போய்விடும்.

அந்த மாரியில் நான் என்ன செய்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒரு நாள் உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, அந்தக் கீரையை வாங்கிக் கிள்ளிப் போட்டுத் தின்று பார்த்தேன். அப்படி என்ன இருக்கிறது இதில் என்று ஒவ்வொரு வாயையும் மென்று மென்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. பிள்ளை, அந்தக் காட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தைப்பொங்கல் வந்தது, அவர் வரவில்லை. பொங்கிப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு இருந்து யோசித்தேன். சக்களத்தியின் வீடு என்றாலும் போய் அங்கேயே இருந்து விடுவது என்று முடிவெடுத்தேன். வருகிற ஞாயிறு, யார் நின்றாலும் பரவாயில்லை, நான் வாறன் என்று சொல்லிவிடுவதென்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு வருவதற்கு முதல், ஒரு வியாழக்கிழமை, கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் பையோடு நிற்கிறார். தாடி வளர்ந்து, கன்னம் உள்ளே போயிருந்தது. பிள்ளை ஆளை அடையாளம் தெரியாமல் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பக்டரியிலை வேலை குறைஞ்சிட்டுது" என்றார். "ஆக்களை வேலையாலை நிப்பாட்டினம்."

அவ்வளவுதான். நான் தேத்தண்ணி போட்டேன். சொல்ல வைத்திருந்ததைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றுவரைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் அந்த ஊருக்குப் போகவே இல்லை. அண்ணரின் கடையிலும், பிறகு ஒரு ரெஸ்ரோறன்ரிலும் வேலை செய்தார். பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் எங்களுக்கு வீடு கிடைத்தது, கக்கூஸ் வீட்டுக்குள். ஆனால் ரெலிவிசனில் காலநிலை சொல்லும்போது, ஐரோப்பாப் படம் வந்தால், கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து படத்தின் மேல் பக்கத்தைப் பார்ப்பார். நான் சரியாக அந்த நேரத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு முன்னுக்குப் போய் நிற்பேன். "கொஞ்சம் விலத்தும்" என்பார். விலத்தமாட்டேன். கோபிக்கமாட்டார், கழுத்தை வளைத்துப் பார்ப்பார். இப்படியே முப்பது வருஷம்.

அவர் காலமாகி இப்போது மூன்று வருஷம். போன வருஷம் ஒரு கலியாண வீட்டில் சுவீடனிலிருந்து வந்த ஒருவரைக் கண்டேன். அந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரராம். பேச்சோடு பேச்சாய் அந்தப் பக்டரி பற்றிச் சொன்னார். எண்பதுகளில் அது நன்றாக ஓடிய பக்டரி, இரவு வேலைக்குக்கூட ஆள் எடுத்தார்கள் என்று கேள்வி என்றார். எந்த மாரி என்று கேட்டேன். அவர் அந்த நாட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதானாம், சரியாகத் தெரியாது என்றார். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் எழுதியதில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று எனக்கே தெரியாது. ஏரி தெருவின் எந்தப் பக்கம், பலகையில் கொழுவியிருந்தது பூட்டுத்தானோ வேறு என்னவோ, அந்தக் கிழவர் இருந்தது கீழ்த்தட்டோ நடுத்தட்டோ என்பதெல்லாம் மாறியிருக்கலாம். தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். அதெல்லாம் பிழையாக இருந்தால் பரவாயில்லை. ஒன்றை மட்டும் யாராவது விசாரித்துச் சொல்ல வேண்டும். சுவீடனில் இதைப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால், புத்தகம் போட்டவர்களிடம் கேளுங்கள், ஊரின் பெயரை நான் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மாரியில், தைப்பொங்கலுக்கு முன்பின்னாக, அந்த யன்னல் பக்டரியில் உண்மையாகவே ஆட்களை நிற்பாட்டினார்களா, அல்லது அவர் தானாக விட்டுவிட்டு வந்தாரா? பழைய ஆட்கள் ஒருவர் இருவர் இன்னும் இருப்பார்கள், அவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அந்த ஊரில் பொய் சொல்லமாட்டார்கள், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். நிற்பாட்டினது உண்மை என்றால் எனக்கு நோகும் என்று மறைக்க வேண்டாம், உள்ளபடி எழுதுங்கள். நிற்பாட்டவில்லை என்றால் உடனே, கெதியாய் எழுதுங்கள்.